சோப்பு டப்பாவில் இருந்த வயர்

பிரியமுள்ள அப்பாவுக்கு,

ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசினாலே அதிகம் என்று நீங்கள் கேலி செய்யும் உங்கள் எசக்கி, இன்று பக்கம் பக்கமாக எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள்.

சாரல் இன்னும் விடவில்லை. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுவதால் இரண்டு நாளாக யாரையும் குளிக்க விடவில்லை. குளிக்காதவனுக்குத் துண்டு எதற்கு? அம்மா நம் துண்டு சோப்புக் கடையில் உட்கார்ந்து, மடித்த துண்டுகளையே பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டதால் பெரியப்பா நம் கடை ஷட்டருக்குப் பக்கத்தில் பிளக்ஸ் கட்டியிருக்கிறார். இடது பக்கம் உங்கள் படம். வலது பக்கம் அவர் கைகூப்பி நிற்கும் படம். அவர் படம்தான் பெரிது. நேற்று கேரளத்திலிருந்து வந்த ஒருவர் பெரியப்பா படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

படத்துக்குக் கீழே நாலு வரிக் கவிதையும் உண்டு. அச்சகத்தில் இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணைச் சொன்னால் கவிதையை அடித்துக் கொடுப்பார்கள். பெரியப்பா அவசரத்தில் ஏதோ எண்ணைச் சொல்லியிருக்கிறார். "பேரன் பேத்திகளுக்கு நிழல் தந்த ஆலமரமே" என்று வந்துவிட்டது. எனக்குப் பதினேழு வயது அப்பா. உங்களுக்குப் பேரனைக் கொடுக்க நான் எங்கே போவேன்? யாரும் படித்துப் பார்க்கவில்லை. படித்த ஒருத்தி நான். நான் சொல்லவில்லை.

நான் சொல்லாமல் விட்டவற்றில் அது சின்ன விஷயம். போன வாரம் பஜனை மடத்தில், உங்கள் படத்துக்கு முன்னால், இருபது பேர் பார்க்க உங்களை ஏமாளி என்றார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு வந்திருக்காது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வெட்கத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். உங்களிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

திருநெல்வேலிக்கு எலக்ட்ரானிக் டிரம் வாங்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்லி, நான் திக்கித் திணறுவதைப் பார்த்து வகுப்பே சிரித்த பள்ளிக்கூடம் அது. அதற்குத் திரும்பிப் போகச் சொல்லி நீங்கள் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. சோப்பு அட்டைப்பெட்டிகளை நான் விரலால் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, "கை சும்மா இருக்காதா ஒனக்கு?" என்று கேட்டீர்கள். போனில் டிரம் வாசிக்கிற வீடியோ ஒன்றைக் காட்டினேன். மறு மாதம் ஆலங்குளம் வழியாக பஸ் ஏறினோம்.

அந்தக் கடைக்காரரை என்னால் மறக்க முடியாது. என்னைத் தாண்டி உங்களிடம் கேட்டார்.

"பையன் வரலியா சார்?"

"பையன் கெடையாது. இவளுக்குத்தான்."

"பொம்பளப் புள்ளையளுக்கு கீபோர்டுதான் சார் அழகு."

அழகைப் பற்றிப் பேசியவர் சட்டையில் சாம்பார் சிந்தியிருந்தது.

எனக்குப் பேச வராது என்பதால் துண்டு சுற்றிவரும் தாளில் எழுதி உங்களிடம் கொடுத்திருந்தேன். நீங்கள் அதை ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக வாசித்தீர்கள். "வலை பேடு வேண்டும். ரப்பர் பேடு வேண்டாம். காலுக்கு உண்மையான பெடல் வேண்டும், சுவிட்ச் மாதிரி உள்ளது வேண்டாம். உள்ளே எத்தனை சத்தம் இருக்கிறது என்பது முக்கியமில்லை."

கடைசி வரியைக் கேட்டதும் கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்கு அதுதான் முக்கியம். இருப்பதிலேயே பெரிய செட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு பேடில் தட்டிக் குதிரையைக் கனைக்க வைத்தார். இன்னொன்றில் தட்டினால் போலீஸ் சைரன். வாசிக்கத் தெரிந்த ஆள் ஒரு டிரம்மைக் குதிரையாக்கி விற்பாரா?

நீங்கள் பயந்துபோனீர்கள். "அண்ணாச்சி, வீட்டுல குதிரை கனைச்சா ஓனர் காலி பண்ணச் சொல்லிருவாரு. சத்தம் வெளிய வராத மேளம் எது?"

"எல்லாமே ஹெட்போன்ல கேக்கிறதுதான் சார். வெளிய ஒண்ணும் வராது. ஸ்பீக்கர்ல வேணும்னா தனியா ஒரு வயர் போடணும்." அந்த வயரை மேசையில் தூக்கிப் போட்டார். "இத ஓசியா வச்சுக்குங்க."

நான் ரப்பர் பேடில் தட்டிப் பார்த்தேன். மணிக்கட்டு வலித்தது. மூலையில் இருந்த சின்ன செட்டில் கொசுவலை மாதிரி இழுத்துக் கட்டிய பேடு இருந்தது. தட்டினேன்; குச்சியை அப்படியே திருப்பிக் கொடுத்தது. நீங்களும் அதைப் பலாப்பழம் வாங்குவதுபோல அமுக்கிப் பார்த்தீர்கள்.

"இதாட்டி? நல்லா பாத்துக்க. அது பெரிசா இருக்கு. குதிரைலாம் கனைக்கி."

"இதுதான்" என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே வார்த்தை அது. அது போதும் என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் நீங்கள்.

வீட்டில் செட்டைப் பூட்டி முடித்த முதல் நாளே கீழ்வீட்டு ராசாத்தி அக்கா படியேறி வந்தாள். "அண்ணாச்சி, மேல உரல் போட்டு இடிக்கியளா? எங்க வீட்டு பேன் ஆடுது!" ஹெட்போனில் கேட்காத சத்தம் ஒன்று இருந்தது. காலால் பெடலை மிதிக்கிற அதிர்வு தரை வழியாகக் கீழே போகும். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. குதிரையைப் பற்றி மட்டும் சொன்னார்.

சாயம் போகிறது என்று விற்காமல் கிடந்த துண்டுகளை நீங்கள் கட்டாகக் கட்டி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி இடையில் வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் செட்டை நிறுத்தினீர்கள். பேன் ஆடுவது நின்றது. ராசாத்தி அக்கா நீட்டிய கையோடு நாலு துண்டு இனாமாக வாங்கிக்கொண்டுதான் இறங்கினாள். அவள் தலை இன்றைக்கும் லேசாக ஊதா நிறத்தில்தான் இருக்கும்.

எல்லா பேடிலிருந்தும் வயர்கள் போய்ச் சேரும் சின்னப் பெட்டியை நீங்கள் 'மீட்டர் பெட்டி' என்பீர்கள். அதில் ஹெட்போன் சொருக ஒரே ஓட்டை. நம்மிடம் ஒரே ஹெட்போன். ஒரு நாள் கடையிலிருந்து வந்து, சாப்பிடாமல்கூட என் பக்கத்தில் முக்காலியைப் போட்டீர்கள்.

"எனக்கு எப்பவும் டொக்கு டொக்குன்னுதான் கேக்குது. நீ என்னத்ததான் கேக்கன்னு பாக்கணும்."

ஹெட்போனைக் கழற்றி உங்கள் காதில் மாட்டினேன். என் காதில் குச்சி வலையில் படுகிற சத்தம் மட்டும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே வாசித்தேன். சரியாக வருகிறதா, தப்பாக வருகிறதா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். முடித்ததும், காதை அடைத்திருக்கிறவர்கள் பேசுவதுபோலத் தெருவுக்கே கேட்கக் கத்தினீர்கள். "ஏட்டி! அருவிக்கு நேர்கீழ நிக்கித மாதிரில்லா இருக்கு!"

அந்த வாசிப்பை உலகத்தில் கேட்டது நீங்கள் ஒருவர்தான். நான்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பெரியப்பா வந்தார். கதவு திறந்திருந்தது. "இது என்னதுல, ரூம் நெறைய?" என்று உங்களைக் கேட்டார்.

"எசக்கி கம்ப்யூட்டர் படிக்காண்ணே. அதுக்கு உள்ள சாமான்" என்றீர்கள்.

பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டார். நாலு பேடும் சிம்பல் என்கிற மூன்று ரப்பர் தாம்பாளமும் கம்ப்யூட்டர் என்றால் நம்புகிற மூளை அது. அவரை விடுங்கள். நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் குனிந்து, மடித்துவைத்திருந்த துண்டை மறுபடியும் மடித்தீர்கள். என் மகள் டிரம் வாசிக்கிறாள் என்று ஏன் சொல்லவில்லை அப்பா? அவர்மேல் பயமா? அல்லது என்னை நினைத்து வெட்கமா? கேட்க நினைத்தேன். கேட்கத்தான் எனக்கு வராதே.

போன ஆவணியில் கடையைப் பூட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். உங்களை வீட்டு வாசலில் வைத்திருந்தபோது பெரியப்பா கொட்டுக்காரர்களிடம், "ஓங்கி அடிங்கப்பா, எந்தம்பி கேக்கட்டும்" என்று அழுதார். அதே வாயால் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, "வருசம் திரும்புத வரைக்கும் இந்த வீட்டுல கொட்டுச் சத்தம் கேக்கப்பிடாது" என்றார்.

எனக்கு அது சம்மதம்தான். என் டிரம்மில்தான் சத்தமே வராதே. மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகைக்குப் பதிலாக எனக்குத் தெரிந்தது அதுதான். ஹாலில் பெரியம்மா போனில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது; அதில் ஒரு கல்யாணத்துக்கு நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. அது துக்கவீட்டுக்கு ஆகும். அவள் எதற்கோ உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, அப்பன் போன வீட்டுல கையையும் காலையும் ஆட்டிக்கிட்டு இருக்காளே! இதுவாட்டி கம்ப்யூட்டரு?"

எனக்கு அந்தக் கூச்சல் கேட்கவில்லை. ஹெட்போனைப் பிடித்து இழுத்த பிறகுதான் தெரிந்தது. சத்தமே வரவில்லையே என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "கேக்காட்டா என்ன? பாக்கதுக்கு கொட்டு மாதிரில்லா இருக்கு?" என்றார் பெரியப்பா. அன்றைக்கே கழற்றி, சாக்கில் கட்டிப் பரணில் போட்டார்கள். ஒரு வருடம் கடையில் துண்டுக் கட்டுகளைத்தான் அடித்தேன். குளிக்க வந்தவர்கள் நான் தூசி தட்டுவதாக நினைத்தார்கள்.

வருடம் முடிகிறது, இறக்கிவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். பெரியப்பா எனக்கு முன்னால் இறக்கிவிட்டார். ஹெட்போனை மட்டும் பரணிலேயே விட்டுவிட்டார்.

"பஜனை மடத்துக்குக் குடுத்துருவோம். தம்பி பேரு நிக்கும்."

"எசக்கிட்ட ஒரு வார்த்தை..." என்றாள் அம்மா.

"அவ என்ன, வாயத் தொறந்து சொல்லவா போறா?"

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன் அப்பா. ஒரு முழம் தூரத்தில்.

ஆட்டோவில் ஏற்றும்போது மீட்டர் பெட்டியோடு ஒட்டியிருந்த அந்த ஓசி வயரை உருவி எடுத்தேன். கடையில் கிடந்த காலி சோப்பு டப்பாவில் சுருட்டி வைத்தேன். ஏதோ ஞாபகத்துக்காக எடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

மடத்துக்குப் போய் டிரம்மைப் பார்த்தேன். நம் ஊரில் டியூப்லைட் கொடுத்தால், வெளிச்சம் வராத அளவுக்கு அதன்மேல் பெயர் எழுதுவார்களே, அதே வேலையைச் செய்திருந்தார்கள். கைக்கு நேராக இருக்கும் வலை பேடில் சிவப்பு எனாமல் பெயின்ட். நட்டநடுவில் கொட்டை எழுத்தில் 'உபயம்: அண்ணன் செல்லையா குடும்பத்தார்.' ஓரத்தில், விளிம்பை ஒட்டி, எறும்பு ஊர்ந்த மாதிரி 'அமரர் சண்முகையா நினைவாக.'

பூசை முடிந்தது. சுவிட்சைப் போட்டார்கள், பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். விளக்கைக் கண்டால் கும்பிடுகிற கூட்டம். மடத்துத் தலைவர் குச்சியை வாங்கி ஓங்கி அடித்தார்.

டொக்.

இன்னும் ஓங்கி அடித்தார். டொக். பெரியப்பா வாங்கி அடித்தார். டொக், டொக். ஒருவர் மைக்கைக் கொண்டுவந்து பேடுக்கு நேராகப் பிடித்தார். மடம் முழுக்க, தெரு முழுக்க, ஒலிபெருக்கியில் டொக், டொக், டொக். சத்தத்துக்குப் பயந்து ஒரு வருடம் கட்டிவைத்த சாமானிடம், சத்தம் போடு என்று இத்தனை பேர் சேர்ந்து கெஞ்சினார்கள். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே கூடாது. சிரித்திருப்போம்.

மைக்செட்காரருக்கு மட்டும் விவரம் தெரிந்திருந்தது. "இதுக்குன்னு ஒரு வயர் வருமே. எங்கிட்ட உள்ளது முனை சேராது" என்றார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, வயரு கியரு எதும் இருந்துதா?"

சோப்பு டப்பா என் கைப்பையில் இருந்தது. பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"அதுட்ட கேட்டா சுவத்துட்ட கேட்ட மாதிரிதான்" என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பதினேழு வருடமாக அவர்கள் சொல்லிச் சொல்லி எனக்குக் கட்டிக்கொடுத்த சுவர் அது. அன்றைக்கு அதன் பின்னால் சௌகரியமாக நின்றேன்.

அதற்கு அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது.

"செல்லையா, ஒம்ம தம்பிய கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டாம்வே. உள்ள ஒண்ணுமில்லாத வெறும் கூட்ட வித்துருக்கான்" என்றார் தலைவர்.

பெரியப்பா உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். "அவனுக்கு என்னைக்கு ஒரு சாமான் பாத்து வாங்கத் தெரிஞ்சுது? ஏமாளிப் பய" என்றார். உங்கள் படத்தில் போட்ட மாலை இன்னும் வாடவில்லை.

டப்பாவைத் திறந்து, வயரைச் சொருகி, ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். என் அப்பா பார்த்து வாங்கியதுதான் இது, கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சத்தம் வந்துவிட்டால் டிரம் அங்கேயே நின்றுவிடும். உங்கள் மானமா, என் டிரம்மா என்று வந்தபோது நான் டிரம்மைத்தான் எடுத்துக்கொண்டேன். அவர்களைக் கேவலமாக நினைத்துக்கொண்டே நின்றேன். என்னையும் சேர்த்துத்தான்.

மறுநாளே அதே ஆட்டோவில் திரும்பி வந்தது. "பழைய இரும்புக்காரன்ட்ட போடுங்க" என்று படிக்கட்டில் இறக்கிவிட்டுப் போனார் பெரியப்பா. அம்மா துண்டுக் கட்டுகளைப் பரப்பினாள், டியூபை வைத்தாள், பலகையைப் போட்டாள். ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமாகத் தூக்கி நிறுத்தினோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"வயரு சோப்பு டப்பாலதானட்டி இருக்கு? பத்திரம்."

அவளும் அந்த மடத்தில் வாய் திறக்காமல்தான் நின்றிருந்தாள், அப்பா. வாய் பேசாதது நம் வீட்டில் நான் ஒருத்தி மட்டும் இல்லை போல.

ஒரு வாரமாக வாசிக்கிறேன். எனாமல் பெயின்ட் வலையின் கண்களை அடைத்துவிட்டதால் முதல் இரண்டு நாள் குச்சி சரியாக எழும்பவில்லை. பிறகு உதிர ஆரம்பித்தது. குச்சி நடுவில்தானே விழும்? 'செல்லையா'தான் முதலில் போனார். நேற்று 'குடும்பத்தார்' போனார்கள். இன்று காலை 'உபயம்' என்பதில் 'உ' மட்டும் மிச்சம். விளிம்பில் இருக்கிற உங்கள் பெயரில் ஒரு புள்ளிகூட உதிரவில்லை. குச்சியை விளிம்பில் சேர்த்து அடித்தால் ஒரு கூர்மையான சத்தம் வரும். எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது. அதை விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பெரியப்பாவின் பிளக்ஸுக்குக் கீழே ஒட்டப்போகிறேன். துண்டு வாங்க வருகிறவர்கள் படிக்கட்டும். மடத்துக்காரர்களும் படிப்பார்கள். பெரியப்பாவுக்கு யாராவது படித்துச் சொல்வார்கள். டிரம்மில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் பார்த்துத்தான் வாங்கினீர்கள், வயர் என்னிடம்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உடனே, கொடு என்று கேட்டுப் படியேறி வருவார்கள்.

வரட்டும். மைக்செட்காரரிடம் ஒரு ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்து, வயரைச் சொருகி வாசித்துக் காட்டுவேன், அப்பா. கீழ்வீட்டு பேன் ஆடினாலும் சரி. அதன் பிறகு, தரமாட்டேன் என்று சொல்வேன். துண்டை மடிக்காமல், தரையைப் பார்க்காமல், பெரியப்பா முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது என்னது என்று கேட்டு, நீங்கள் கம்ப்யூட்டர் என்று மழுப்பிய கேள்வியை அவர் மறுபடியும் கேட்டால், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். கீழே எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

உங்கள் மகள்,
டிரம் வாசிக்கிற எசக்கியம்மாள்